பிள்ளைக்குப் போடும் பொன்: நிறை, மாற்று, துண்டு



இம்முறை எமது பாடம் நகையைப் பற்றியது. சேமநல உத்தியோகத்தருக்கும் நகைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் நிறைய உண்டு. கடன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு எமது காரியாலய வாசலுக்கு வருகிறவர்களிடம் காரணம் கேட்டால், "அக்கா புள்ளைக்குக் காது குத்துறாங்க, நான்தான் தாய்மாமன்" என்பார்கள். "அடகு வச்ச சங்கிலி ஏலத்துக்குப் போகப் போகுதுங்க" என்பார்கள். தோட்டத்தில் நகை என்றால் அது அலங்காரம் மட்டும் அல்ல. அதுதான் சேமிப்பு. வைத்தியச் செலவுக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் அதுதான் கடைசிக் கைகாவல். அப்படிப்பட்ட பொருளை வாங்கும்போதும் விற்கும்போதும் நாம் கண்ணால் மட்டும் பார்க்கிறோம், கணக்குப் பார்ப்பதில்லை. இதனால் வரும் நட்டத்தைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

செட்டிகுளத்தில் நாம் கண்டது

எமது பெரியம்மா குடும்பம் 1977 ஆகஸ்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியாப் பக்கம் போய்ச் செட்டிகுளத்தில் குடியேறியது. அந்த வருடத்தில் அப்படிப் போன குடும்பங்கள் பல. உங்கள் லயத்திலும் வன்னியில் சொந்தக்காரர் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். கடந்த வருடம் பெரியம்மாவின் கொள்ளுப்பேத்திக்கு 31ஆம் நாள் துடக்குக் கழிவு என்று கடிதம் வந்தது. தலைமன்னார் ரயிலில் ஏறிச் செட்டிகுளம் நிலையத்தில் இறங்கினோம்.

வீட்டில் ஒரே கதை நகைக் கதைதான். பேரனுடைய மனைவி வன்னிப் பிள்ளை. அவருடைய தாய் வீட்டார் குழந்தைக்குப் பஞ்சாயுதமும் ஒரு சோடி காப்பும் கொண்டு வந்திருந்தார்கள். அப்பா பக்கத்தார் வெறுங்கையோடு நிற்கலாமா என்று பேரனுக்கு மனவருத்தம். அப்போது பெரியம்மா தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் முடிந்து வைத்திருந்த ஒரு பொருளை எடுத்தார். அது ஒரு தண்டட்டி. சோடி இல்லை, ஒன்றுதான்.

"எங்க அம்மாயி இந்தியாவுல இருந்து வரும்போது காதுல போட்டுக்கிட்டு வந்தது ராசா. எழுபத்தேழுல சேலைத் தலைப்புல முடிஞ்சு கொண்டு வந்தேன். ரெண்டாயிரத்து ஒம்பதுல முகாம்ல இருக்கும்போது ஒண்ண வித்துட்டேன். சின்னதுக்குப் பால் மா வேணும், என்ன செய்ய? அவன் கையிலே தூக்கிப் பார்த்தான், காசைக் குடுத்தான். நிறுக்கவே இல்ல" என்றார்.

அந்த முகாம் செட்டிகுளத்து மெனிக் பாம். 2009இல் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அங்கே இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அது மூடப்பட்டது. உடுத்த துணியோடு வந்து சேர்ந்தவர்கள் பலருக்கு, உடம்பில் கிடந்த நகைதான் கையிலிருந்த ஒரே காசு. நிறுக்காமல் விற்றதற்குப் பெரியம்மாவைக் குறை சொல்ல எமக்கு வாய் வரவில்லை. தராசு தேடும் நேரம் அல்ல அது. ஆனால் அன்றைக்கு, "இது ரெண்டரைப் பவுண் இருக்கும், இதக் கடையில குடுத்துப் புள்ளைக்குச் சங்கிலியும் காப்பும் எடுங்க" என்று அவர் சொன்னபோது, நாம் குறுக்கே பேசினோம். "பெரியம்மா, இந்தத் தடவை நிறுத்துப் பார்ப்போம்" என்றோம்.

மறுநாள் வவுனியாப் பட்டணத்துக்குப் போனோம். முதலில் நுழைந்த கடையில் தண்டட்டியைப் பார்த்தவுடனே ஒரு தொகையைச் சொன்னார்கள். எத்தனை கிராம், எத்தனை கரட் என்று கேட்டோம். "பழைய சாமான் அண்ணே, கணக்குப் பார்த்தால் உங்களுக்குத்தான் நட்டம்" என்று பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். பிறகு, வீட்டிலேயே பட்டறை வைத்து நகை செய்யும் வயதான பத்தர் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் அப்படியே தராசில் வைத்தார். 20 கிராம். ஒரு பவுண் 8 கிராம் என்றால் இரண்டரைப் பவுண். பெரியம்மா சொன்னது சரிதானே என்று பேரன் சிரித்தான்.

பத்தர் சிரிக்கவில்லை. "தம்பி, அவசரப்படாதேங்கோ. தண்டட்டி, பாம்படம் எல்லாம் பொன் தகட்டாலே செய்யிறது. உள்ளுக்கு அரக்கு அடைச்சிருப்பினம். உங்களுக்குச் சம்மதம் எண்டால் அரக்கை இளக்கிப் போட்டு நிறுப்பம்" என்றார். பெரியம்மாவிடம் இரண்டு தரம் கேட்டபிறகுதான் நெருப்பில் காட்டினார். அரக்கு வெளியே வந்தபின் தராசு காட்டியது 12 கிராம். பிறகு உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். 20 கரட் அளவு என்றார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 12 கிராம் பொன், 20 கரட். 24இல் 20 பங்கு சுத்தத் தங்கம் என்றால், 12 கிராமில் சுத்தத் தங்கம் 10 கிராம். அதை 22 கரட் தங்கமாக மாற்றிக் கணக்கிட்டால் சுமார் 10.9 கிராம். இரண்டரைப் பவுண் என்று மூன்று தலைமுறை நம்பியிருந்த பொருள், கணக்கில் ஒரு பவுணும் மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவும்தான். அப்படிப் பார்த்தும், அந்தப் பொன்னின் அன்றைய விலை, முதல் கடைக்காரர் சொன்ன தொகையைவிட நன்றாகவே கூடுதலாக இருந்தது.

இதில் இரண்டு படிப்பினை உண்டு. பழைய நகை என்றால் எல்லாம் கட்டிப் பொன் என்று நினைப்பது தவறு. பழைய நகைக்கு விலையே இல்லை என்று சொல்கிறவரை நம்புவதும் தவறு. தராசும் உரைகல்லும் பார்த்த பிறகுதான் பேச வேண்டும்.

அன்றைய நகையும் இன்றைய நகையும்

எமது முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்தபோது, பெண்கள் காதில் தண்டட்டி, பாம்படம், கொப்பு, முருகு என்று போட்டிருந்தார்கள். மூக்கில் மூக்குத்தி, காலில் வெள்ளித் தண்டை, விரலில் மெட்டி. தாலி பெரும்பாலும் மஞ்சள் கயிற்றில்தான். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் குண்டு கோப்பார்கள், இன்னும் சேர்ந்தால் சங்கிலியில் மாற்றுவார்கள். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வழக்கம் வேறு. அங்கே கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்துப் பொன்னுருக்கல் நடக்கும். மாப்பிள்ளை வீட்டில், சபையார் முன்னிலையில், பத்தர் பொன்னை உருக்குவார். அந்தப் பொன்னில் தாலி செய்வார்கள். தாலிக்கொடி பாரமாக இருக்கும்.

பொன்னுருக்கலைச் சடங்காக மட்டும் நாம் பார்க்கிறோம். ஆனால் அதில் ஒரு கணக்கும் இருக்கிறது. இரண்டு வீட்டாரும் பார்த்திருக்க, என்ன பொன் போகிறது என்பது வெளிச்சமாகிறது. நகை செய்கிறவரும் ஊருக்குத் தெரிந்தவர். மாற்றுக் குறைந்தால் அவர் பெயர் கெடும். அந்தக் காலத்தில் ரசீதுக்குப் பதிலாக ஊர்தான் சாட்சி.

குழந்தைக்குப் போடும் பஞ்சாயுதம் மிகப் பழைய வழக்கம். சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்ற திருமாலின் ஐந்து ஆயுதங்களைச் சிறிதாகச் செய்து கோத்துக் கழுத்தில் கட்டுவார்கள். பழைய நூல்களில் இதன் பெயர் ஐம்படைத்தாலி. மணிமேகலையில் இது வருகிறது. புறநானூற்று 77ஆம் பாட்டில், இடைக்குன்றூர் கிழார் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பற்றிச் சொல்லும்போது, சிறுவயதுத் தாலியை இன்னும் கழற்றாத பருவத்திலேயே போருக்கு வந்தவன் என்கிறார். சிங்கள மக்களும் பிறந்த குழந்தைக்குப் பஞ்சாயுதம் போடுவது உண்டு. பிள்ளைக்குக் கண்ணூறு படக்கூடாது, ஒரு கெடுதலும் அணுகக்கூடாது என்ற தாய் மனது எல்லா இனத்துக்கும் ஒன்றுதான்.

இன்றைய நகை வேறு விதம். மெசினில் செய்த மெல்லிய சங்கிலி, கல் வைத்த தோடு, பெயர் எழுதிய பென்ரன், குழந்தைக்குப் பொம்மை வடிவ வளையல் என்று கண்ணாடிப் பெட்டியில் மினுங்குகிறது. பாரம் குறைவு என்பதால் கையில் இருக்கிற காசுக்கு ஏதாவது வாங்கலாம். அது நல்லதே. ஆனால் மெல்லிய சங்கிலி அறுந்தால் ஒட்டவேண்டும். ஒட்டும் ஒவ்வொரு முறையும் பற்றுச் சேர்கிறது. கல் நகையை விற்கப் போனால் கல்லுக்கு அநேகமாகக் காசு கிடைக்காது. நாளுக்கு அழகு பார்ப்பதா, ஆபத்துக்குச் சேமிப்பதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். சேமிப்புக்கு என்றால் கல் இல்லாத, வேலைப்பாடு குறைந்த நகைதான் நல்லது.

கேள்வி ஒன்று: நிறை என்ன?

பவுண் என்ற சொல் இங்கிலாந்துப் பொற்காசிலிருந்து வந்தது. அந்தக் காசு 22 கரட் பொன்னில் 7.99 கிராம் அளவு. இன்று நமது கடைகளில் ஒரு பவுண் என்றால் 8 கிராம் என்று கணக்கு. பவுண் என்று மட்டும் கேட்காமல் கிராமில் கேளுங்கள். தராசின் இலக்கம் உங்கள் பக்கம் தெரிய வேண்டும். நகையை வைப்பதற்கு முன் இலக்கம் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.

கல் வைத்த நகை என்றால், கல்லின் நிறை எவ்வளவு, பொன்னின் நிறை எவ்வளவு என்று தனித்தனியே கேட்க வேண்டும். 10 கிராம் நகையில் 2 கிராம் கல் என்றால் பொன் 8 கிராம்தான். கல்லையும் பொன் விலைக்கு நிறுத்துக் கொடுத்தால், ஒரு பவுணின் கால்வாசிக் காசு கண் முன்னே போகிறது.

கேள்வி இரண்டு: மாற்று என்ன?

சுத்தத் தங்கம் 24 கரட். அது மிகவும் மெதுவானது, நகை செய்தால் வளையும். ஆகவே செம்பு, வெள்ளி கலப்பார்கள். 22 கரட்டில் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். அதைத்தான் 916 என்று பொறிப்பார்கள். 18 கரட் என்றால் 75 பங்கு, 750 என்று இருக்கும். 14 கரட் என்றால் 585. இலக்கம் சிறியதானால் தங்கம் குறைவு. வெளிநாட்டிலிருந்து வரும் சில நகைகள் 18 கரட். அவை போலி அல்ல. ஆனால் 22 கரட் விலைக்கு வாங்கக்கூடாது.

காந்தத்தில் ஒட்டவில்லை என்பதால் தங்கம் என்று நம்பாதீர்கள். செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. உரைகல்லில் உரைப்பது பழைய முறை, அனுபவசாலி கையில் நம்பகமானது. இப்போது சில கடைகளில் கதிர் பாய்ச்சி மாற்றுச் சொல்லும் மெசின் உண்டு. அது மேற்பரப்பைத்தான் பார்க்கும். தடித்த முலாம் பூசியிருந்தால் ஏமாறலாம். நமது நாட்டில் தேசிய மாணிக்கக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபை 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. இந்தியாவில் 2021 ஜூன் மாதத்திலிருந்து பல மாவட்டங்களில் முத்திரை இல்லாத தங்க நகையைக் கடைகள் விற்க முடியாது என்று விதித்தார்கள். முத்திரை கேட்டு வாங்கும் பழக்கம் நமக்கும் வர வேண்டும்.

கேள்வி மூன்று: சேதாரம், கூலி எவ்வளவு?

இதை எல்லாரும் மறந்துவிடுகிறோம். விலை நாளுக்கு நாள் மாறும், கிராம் கணக்கு மாறாது. ஆகவே கிராமிலேயே பாருங்கள். ஓர் உதாரணம்: 8 கிராம் சங்கிலி எடுக்கிறீர்கள். சேதாரமும் கூலியும் சேர்ந்து ஒரு கிராம் தங்கத்தின் விலை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கொடுத்தது 9 கிராமுக்கான காசு. கழுத்தில் கிடப்பது 8 கிராம். நாளைக்கே விற்றால் அந்த ஒரு கிராம் திரும்பி வராது. வேலைப்பாடு கூடக் கூட இந்தத் தொகை கூடும். பழைய நகையைக் கொடுத்துப் புதியது மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் இதே நட்டம். பெசன் மாறியது என்று வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறவர்கள், பத்து வருடத்தில் எத்தனை கிராம் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி நான்கு: துண்டு எங்கே?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நகை வாங்கினால் துண்டு வாங்குங்கள். அதில் நிறை, கரட், கல்லின் நிறை, திகதி, கடையின் பெயர், வாங்கியவரின் பெயர் இருக்க வேண்டும். மனைவியின் உழைப்பில் வாங்கியது என்றால் மனைவியின் பெயரில் எழுதுங்கள். கொழுந்து பறித்த கைக்கு அந்த மரியாதையாவது கிடைக்கட்டும்.

துண்டின் அருமையை வன்னி மக்களிடம் கேளுங்கள். போர்க்காலத்தில் அங்கே தமிழீழ வைப்பகம் என்று ஒன்று 1994இலிருந்து இயங்கியது. மக்கள் அதில் நகை ஈடு வைத்துக் கடன் வாங்கினார்கள். 2009இல் எல்லாம் முடிந்தபோது, ஈடு வைத்த நகைகளும், ஓடும் வழியில் தவறவிட்ட நகைகளும், புதைத்து வைத்த நகைகளும் யார் கைக்குப் போயின என்று தெரியாமல் மக்கள் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். போரின்போது மீட்ட நகைகளில் ஒரு தொகுதியை இராணுவம் 2025 மே மாதத்தில் பொலிஸாரிடம் கையளித்தது. பதினாறு வருடம் கழித்து! இது என்னுடைய காப்பு, இது என் பிள்ளையின் சங்கிலி என்று ஒரு தாய் எதைக் காட்டிச் சொல்வாள்? துண்டும் போனது, படமும் போனது. ஒரே அச்சில் செய்த ஆயிரம் காப்புக்குள் தன் காப்பை அடையாளம் காட்டுவது இலேசா?

ஆகவே நாம் சொல்வது இது. ஒவ்வொரு நகையையும் ஒரு வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுங்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. நகையில் உள்ள நெளிவு, ஒட்டு, பொறித்த எழுத்து தெரியும்படி கிட்டத்தில் எடுங்கள். துண்டையும் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். மண்சரிவு, வெள்ளம், லயத்தில் தீ என்று நமக்கும் ஆபத்து வராமல் இல்லை. பெட்டி போனாலும் சாட்சி மிஞ்சும்.

அடகு வைக்கும்போது

மலையகத்தில் அடகு என்போம், வன்னியில் ஈடு, அடைவு என்பார்கள். பெயர் எதுவானாலும் வட்டி வட்டிதான். ஓர் உதாரணம்: ஓர் இலட்சம் ரூபாய் எடுத்து, வருட வட்டி நூற்றுக்கு 18 என்றால், ஒரு வருடத்தில் 18,000 ரூபாய். அதையே தனியாரிடம் மாதம் நூற்றுக்கு 4 என்று எடுத்தால் ஒரு வருடத்தில் 48,000. மாத வட்டியா, வருட வட்டியா என்று கேட்காமல் கையொப்பம் வைக்காதீர்கள். "நாலுதானே" என்று நினைத்து வைத்தால், இரண்டு வருடத்தில் வட்டியே முதலைத் தொட்டுவிடும்.

தேவைக்கு மட்டும் எடுங்கள். நகைக்கு ஆகக்கூடிய தொகை இவ்வளவு தருவோம் என்றால், அவ்வளவும் எடுக்க வேண்டும் என்று இல்லை. 2013 ஏப்ரலில் உலகச் சந்தையில் ஒரு அவுன்ஸ் தங்கம் இரண்டே வியாபார நாட்களில் சுமார் 200 டொலர் விழுந்தது. அதற்கு முன் கூடிய தொகைக்கு அடகு வைத்த பலர், மீட்கிற காசுக்குப் புதியதே வாங்கலாம் என்று நகையைக் கைவிட்டார்கள். மாறாக 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு மேல் ஏறியபோது, இங்கே பவுண் விலையும் ஏறியது. உலக விலை, ரூபாயின் பெறுமதி என்ற இரண்டும் சேர்ந்துதான் நமது பவுண் விலை. இரண்டும் நமது கையில் இல்லை. வட்டி கட்டும் திகதி மட்டும் நமது கையில் இருக்கிறது. அடகுத் துண்டின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தவணை முடியும் நாளைக் கலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

பச்சைப் பிள்ளையின் உடம்பில் நகை

பிள்ளைக் காம்பராவில் ஒரு நாள் நடந்தது. எட்டு மாதக் குழந்தை ஒன்று இருமிக்கொண்டே அழுதது. ஆயா உடனே கவனித்தார். குழந்தையின் வாயிலிருந்து விழுந்தது தோட்டின் சுரை. தொண்டைக்குள் போயிருந்தால் என்ன கதி? அன்றிலிருந்து நாம் தாய்மாருக்குச் சொல்வது இவை:

1. குழந்தை தூங்கும்போது கழுத்தில் சங்கிலி, கயிறு, பஞ்சாயுதம் எதுவும் வேண்டாம். இறுகினால் மூச்சு முட்டும். சடங்குக்குப் போட்டு, படம் எடுத்து, கழற்றிப் பத்திரப்படுத்துங்கள்.

2. அரைஞாண்கொடியை மாதத்துக்கு ஒரு தடவை தளர்த்துங்கள். இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். பிள்ளை வளரும், கொடி வளராது. மோதிரமும் அப்படித்தான். விரல் வீங்கினால் இழுக்காமல் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

3. காது குத்துவதற்கு அவசரம் வேண்டாம். இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடும் தடுப்பூசி ஏற்பு நோயையும் தடுக்கும். அவற்றைப் போட்ட பிறகு, கிருமி நீக்கிய ஊசியால், கை கழுவிக் குத்தட்டும். மஞ்சளோ சாம்பலோ புண்ணில் வைக்க வேண்டாம்.

4. மலிவான கவரிங் நகையைக் குழந்தைக்குப் போடாதீர்கள். அதிலுள்ள நிக்கல் தோலில் சொறியை உண்டாக்கும். சிலதில் ஈயமும் கட்மியமும் இருக்கும். பிள்ளை எல்லாவற்றையும் வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

5. நகையின் துண்டு எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கவும் வேண்டாம். நேரே ஆசுப்பத்திரிதான்.

6. பிள்ளைக் காம்பராவுக்கும் கிளினிக்குக்கும் திருவிழாக் கூட்டத்துக்கும் குழந்தைக்குப் பொன் போட்டு அனுப்பாதீர்கள். கள்ளனுக்குக் குழந்தை என்ற இரக்கம் இராது. அறுக்கும்போது காயப்படுவது பிள்ளைதான்.

தாய்மாமனுக்கு ஒரு வார்த்தை

தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்துவது நமது பெருமை. சடங்கு சுற்றும்போது மாமன் சீர் வராவிட்டால் சபையில் குறைவாகப் பேசுவார்கள் என்பதும் தெரியும். ஆனால் மாதம் 4 வட்டிக்கு எடுத்து அரைப் பவுண் தோடு போட்ட மாமன், மூன்று வருடம் கழித்தும் கடன் கட்டிக்கொண்டு இருப்பதை நாம் காண்கிறோம். அவருடைய பிள்ளை அந்த மூன்று வருடமும் கொப்பி வாங்கக் காசில்லாமல் நிற்கிறது. பொன் வைக்கிற இடத்தில் பூ வைத்தாலும் போதும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தது எதற்கு? முடிந்தவர்கள் பொன் வைக்கட்டும். முடியாதவர்கள் வெள்ளி வைக்கட்டும். அதுவும் முடியாவிட்டால் பிள்ளையின் பெயரில் வங்கிப் புத்தகம் ஒன்று திறந்து ஐந்நூறு ரூபாய் போடட்டும். அந்தப் புத்தகத்துக்குச் சேதாரமும் இல்லை, கூலியும் இல்லை.

பெரியம்மா என்ன செய்தார்?

பத்தரின் பட்டறையில் வைத்துப் பேரன் கேட்டான், "அப்பத்தா, இப்ப என்ன செய்யிறது, உருக்குவமா?" என்று. பெரியம்மா தண்டட்டியைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அரக்குப் போனபின் அது பாரமில்லாமல் இருந்தது.

"ஒண்ணு நிறுக்காமப் போச்சு. இதாவது நிறுத்துக் கெடக்கட்டும். புள்ள பெரிசாகி அவளே முடிவு பண்ணட்டும்" என்றார்.

பேரனுடைய மனைவிதான் முதலில் தலையாட்டினார். "ஓம் அம்மம்மா, அதுதான் சரி. இவளுக்கு இப்ப காப்பு இருக்குத்தானே" என்றார். பத்தர் அரக்கை அடைத்து, ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தார்: தண்டட்டி 1, பொன் 12 கிராம், 20 கரட், திகதி. பெரியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. பேரனை வாசிக்கச் சொல்லி இரண்டு தரம் கேட்டார். பிறகு அந்தத் துண்டைப் படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படம் இப்போது எமது போனிலும் இருக்கிறது. 31ஆம் நாளுக்குக் குழந்தைக்கு அப்பா பக்கத்துச் சீராக வெள்ளி அரைஞாண் ஒன்றும் கறுப்பு வளையலும் போட்டார்கள். சபையில் யாரும் குறைவாகப் பேசவில்லை.

கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

மாதர் சங்கக் கூட்டத்தில் இதை வாசித்தபின் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லிப் பாருங்கள்.

1. உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு நகையும் எத்தனை கிராம், எத்தனை கரட் என்று உங்களுக்குத் தெரியுமா?

2. 16 கிராம் நகையில் 3 கிராம் கல் என்றால், பொன் எத்தனை பவுண்?

3. 18 கரட் நகை 8 கிராமில் சுத்தத் தங்கம் எவ்வளவு? (விடை: 6 கிராம்)

4. அடகில் உள்ள நகையின் தவணை முடியும் திகதி என்ன? துண்டு யாரிடம் இருக்கிறது?

5. உங்கள் குழந்தையின் அரைஞாணுக்குள் இரண்டு விரல் போகிறதா?

ஐந்தாம் கேள்விக்கு மட்டும் கூட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே எழுந்துபோய்ப் பிள்ளையின் இடுப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள்.